வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளம்: கட்டுமானச் சிக்கல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனி வீட்டின் பின்புறத்தில் நீச்சல் குளம் கட்டத் தொடங்கியவர்கள் வேலை நடக்கும்போதே சந்திக்கும் சிக்கல்களுக்கான விடைகள் இவை. தமிழ்நாட்டின் மண், மழை, வேலை நடக்கும் முறை ஆகியவற்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கணக்குகளுக்கு 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரச் சுவர்கள், 20 செ.மீ. கனமுள்ள தளம், அதே கனமுள்ள சுவர் என்று ஒரு கான்கிரீட் குளத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதில் சராசரியாக 1.4 மீட்டர் நீர் நின்றால் ஏறத்தாழ 45,000 லிட்டர் பிடிக்கும்.

குளம் வெட்டுவதற்கு முன் மண்ணில் எதைப் பார்க்க வேண்டும்?

மண்ணின் வகையையும் நிலத்தடி நீரின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். வீடு கட்டும்போது எடுத்த மண் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதைத் தேடி எடுங்கள். இல்லையென்றால், குளத்தின் ஆழத்தைவிட ஒன்றரை மீட்டராவது கூடுதலாக ஒரு சோதனைக் குழியோ போர் துளையோ போட்டு, கீழே என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். பெசன்ட் நகர் முதல் மாமல்லபுரம் வரையிலான கடலோரத்தில் பெரும்பாலும் மணல்தான் வரும். வெட்டுவது எளிது, ஆனால் மழைக்காலத்தில் நீர் மிக மேலே வந்து நிற்கும். பள்ளிக்கரணையைச் சுற்றியுள்ள தாழ்வான பகுதிகளில் இளகிய களிமண். கோயம்புத்தூரின் சில பகுதிகளிலும் கோவில்பட்டி வட்டாரத்திலும் உள்ள கரிசல் மண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் நேரடியாகத் தளம் போட்டால் தளம் ஏறி இறங்கும். அங்கே கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, உப்பாத கிராவல் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கி, அதன்மேல்தான் வேலையைத் தொடங்க வேண்டும். சுவரின் வெளிப்பக்கத்திலும் அதே கரிசலைத் திருப்பிக் கொட்டக் கூடாது.

நீர் மட்டத்தை எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்பது அளவைப் போலவே முக்கியம். மே மாதத்தில் நான்கு மீட்டர் கீழே இருந்த நீர், வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பரில் அரை மீட்டருக்கு வந்துவிடக்கூடும். பக்கத்துக் கிணறுகளில் மழைக்காலத்தில் நீர் எதுவரை ஏறும் என்று தெருவில் பல ஆண்டுகளாக இருப்பவர்களிடம் கேளுங்கள். வடிவமைப்புக்கு அந்த உச்ச மட்டத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழி வெட்டும்போது மூடப்பட்ட பழைய கிணறு வெளிப்பட்டது. என்ன செய்வது?

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை பின்கட்டில் கிணறு இல்லாத வீடு அரிது. அவற்றில் பல, கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டி மூடப்பட்டவை. அந்த நிரப்பு மண் எத்தனை ஆண்டுகளானாலும் கெட்டிப்பட்டதாகக் கருத முடியாது. அதன்மேல் போடப்படும் தளம் அந்த ஓரிடத்தில் மட்டும் இறங்கும். இறங்கினால் அங்கேயே வெடிக்கும்.

குளத்தை ஓரிரு மீட்டர் நகர்த்த இடமிருந்தால் நகர்த்திவிடுவதே மலிவு. முடியாதென்றால் உறைகளின் மேற்பகுதியை உடைத்து, உள்ளே உள்ள குப்பையை இயன்ற ஆழம் வரை எடுத்துவிட்டு, உடைகல்லும் சிமென்ட் குறைந்த கான்கிரீட்டுமாக நிரப்பி, அதற்குமேல் கிணற்றின் வாயைப் பாலம்போல் தாண்டிச் செல்லும்படி தளத்தில் கூடுதல் கம்பி கட்ட வேண்டும். அந்தக் கம்பிக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் தர வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் இதற்குப் போதாது. பயன்பாட்டில் இல்லாத செப்டிக் டேங்க் வந்தாலும் இதே முறைதான், ஆனால் அதற்குள் ஆட்களை இறக்கக் கூடாது. நச்சு வாயுவால் ஒரு நிமிடத்தில் உயிர் போகும். கழிவு அகற்றும் வாகனத்தை வைத்து உறிஞ்சிய பிறகு, இயந்திரத்தால் மேலிருந்தே உடைத்து எடுங்கள்.

பாறை வந்துவிட்டது. வெடி வைக்கலாமா?

குடியிருப்புப் பகுதியில் வேண்டாம். வெடிமருந்துக்கு உரிமம் தேவை என்பது ஒருபுறம். உங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வரும் அதிர்வுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பது மறுபுறம். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் உள்ள சார்னோகைட் போன்ற கடும் பாறைக்கு, துளையிட்டு அதில் ஊற்றினால் விரிந்து பாறையைப் பிளக்கும் வெடிக்காத ரசாயனக் கலவை கிடைக்கிறது. அதையும் பிரேக்கர் பொருத்திய இயந்திரத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது மெதுவான வழியென்றாலும் பாதுகாப்பானது.

குளத்தின் ஒரு பாதி பாறையிலும் மறு பாதி மண்ணிலும் அமையும் நிலைமை பலராலும் கவனிக்கப்படுவதில்லை. மண் பக்கம் இறங்கும், பாறைப் பக்கம் இறங்காது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் தளம் வெடிக்கும். பாறையைக் கூடுதலாக 20, 30 செ.மீ. வெட்டி, குளத்தின் அடி முழுவதும் ஒரே மாதிரியான இறுக்கிய படுகை அமைத்தால் இது பெருமளவு தவிர்க்கப்படும்.

குழியில் ஊற்று நீர் வருகிறது. மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே வேலை செய்யலாமா?

செய்யலாம், ஆனால் வெளியேறும் நீரைக் கவனியுங்கள். தெளிவாக இருந்தால் கவலை குறைவு. கலங்கலாகத் தொடர்ந்து வந்தால், நீரோடு மண்ணின் நுண்துகளும் வெளியேறுகிறது என்று பொருள், அதாவது சுற்றியுள்ள நிலம் உள்ளிருந்து காலியாகிறது. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் சாய்வதற்கும் உங்கள் வீட்டின் பின் மூலை இறங்குவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். மணற்பாங்கான இடத்தில் குழிக்குள்ளிருந்து இறைப்பதற்குப் பதிலாக, குழியைச் சுற்றி வெளியே வடிகட்டிக் குழாய்களை இறக்கி, நீர் மட்டத்தையே தாழ்த்திவிட்டு வேலை செய்வதே சரியான முறை.

ஒன்றரை மீட்டருக்கு மேல் செங்குத்தாக வெட்டிய குழியில் பக்கச் சுவர்களுக்கு முட்டுக்கொடுக்காமல் ஆட்களை இறக்கக் கூடாது. வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது; குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். வீட்டின் அடித்தளத்தின் அடி விளிம்பிலிருந்து கீழ்நோக்கி 45 பாகையில் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டு, குளத்தின் குழி அந்தக் கோட்டை வெட்டாதபடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வெட்டத் தொடங்கும் முன், அண்டை வீட்டார் அனுமதியுடன் அவர்கள் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியுடன் படமெடுத்து, ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். பின்னால் வரக்கூடிய மனக்கசப்பில் பெரும்பகுதி இதனாலேயே இல்லாமல் போகும்.

காலியாக இருக்கும் கான்கிரீட் குளம் நிலத்திலிருந்து மேலே கிளம்பிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. நம் கடலோரப் பகுதியில் வீட்டுக் குளத்துக்கு வரக்கூடிய மிகப் பெரிய சேதம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நேர்ந்த பிறகு முழுமையாகச் சரிசெய்ய முடியாத சேதமும் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். எடுத்துக்கொண்ட குளத்தின் வெளி அளவு 8.4 மீட்டருக்கு 4.4 மீட்டர், அடிப்பரப்பு ஏறத்தாழ 37 சதுர மீட்டர். தளமும் சுவர்களும் சேர்ந்து சுமார் 14.8 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 2.5 டன் என்று வைத்தால் எடை ஏறத்தாழ 37 டன். தளத்தின் அடிமட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு வெளியே நிலத்தடி நீர் ஏறி நின்றால், அது தளத்தை மேல்நோக்கித் தள்ளும் விசையும் ஏறத்தாழ 37 டன். அதாவது, குளம் காலியாக இருக்கும்போது ஒரு மீட்டரைச் சற்றே தாண்டிய நீரே அதைத் தூக்கப் போதுமானது. மழைக்காலத்தில் நீர் ஒன்றரை மீட்டர் ஏறினால் விசை 55 டன்னைத் தாண்டுகிறது. சுவர் மண்ணோடு உராயும் பிடிப்பு கொஞ்சம் உதவும்; அதை நம்பி வடிவமைப்பது கூடாது.

இதைத் தடுக்க நான்கு வழிகள் உண்டு. நல்ல வடிவமைப்பில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே இருக்கும். தளத்தைச் சுவருக்கு வெளியே 30 செ.மீ. நீட்டினால் அந்த நீட்சியின்மேல் உட்காரும் மண் சுமார் பத்து டன் கூடுதல் எடையாகிறது. செலவைப் பார்த்தால் இதுவே சிறந்த வழி. தளத்தின் கனத்தைக் கூட்டலாம், ஆனால் அதற்காகக் கூடுதல் ஆழம் வெட்டும்போது தள்ளு விசையும் கொஞ்சம் கூடும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்றாவது, தளத்தின் அடியில் ஜல்லிப் படுகை போட்டு, அடி வடிகாலில் அழுத்தம் நீக்கும் வால்வு பொருத்துவது: வெளியே அழுத்தம் கூடினால் வால்வு திறந்து நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விடும். அது நல்ல சாதனம்தான்; ஆனால் மணலும் சிமென்ட் பாலும் அடைத்துக்கொண்டால் வேலை செய்யாது. ஆகவே, அதை மட்டும் நம்பாதீர்கள். நான்காவது, குளத்தின் ஒரு மூலைக்கு வெளியே, தளத்தைவிட ஆழமாக, துளையிட்ட 150 மி.மீ. பி.வி.சி. கண்காணிப்புக் குழாய் ஒன்றை நிறுத்தி வைப்பது. அதன் மூடியைத் திறந்து பார்த்தால் நீர் எங்கே நிற்கிறது என்று எப்போதும் தெரியும். தேவைப்பட்டால் அதற்குள்ளேயே சிறிய மோட்டாரை இறக்கி இறைக்கலாம். இந்தக் குழாய் இல்லாமல் கடலோரத்தில் ஒரு குளமும் கட்டப்படக் கூடாது என்பேன்.

மொத்த எடை, மழைக்கால உச்ச நீர் மட்டத்தின் தள்ளு விசையைப்போல் குறைந்தது 1.2 மடங்கு இருக்கிறதா என்று உங்கள் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

தொட்டி முடிந்துவிட்டது, டைல்ஸ் ஒட்டவில்லை, அதற்குள் அக்டோபர் மழை பிடித்துக்கொண்டது. குளத்தில் சேறும் மழைநீரும் நிற்கின்றன. இறைத்துவிடலாமா?

இறைக்காதீர்கள். அழுக்காகத் தெரியும் அந்த நீர்தான் இப்போது உங்கள் குளத்தைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. வேலையை விரைவாக முடிக்க வேண்டும் என்ற ஆர்வத்தில், பெருமழைக்கு மறுநாள் மோட்டார் வைத்துத் தொட்டியைக் காலிசெய்யும்போதுதான் குளங்கள் கிளம்புகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையையும் பார்த்த சென்னைவாசிகளுக்கு, நிலம் நீரில் ஊறி நிற்பது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கண்காணிப்புக் குழாயில் நீர் தளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கிய பிறகே தொட்டியைக் காலிசெய்யலாம். மழை வருமென்று தெரிந்தும் தொட்டி காலியாக இருந்தால், நீங்களாகவே நீரை விட்டு நிரப்பிவையுங்கள்.

ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ குழி வெட்டத் தொடங்கி, ஜூன் முடிவதற்குள் தொட்டி, சுவருக்கு வெளியே மண் நிரப்புவது, நீர்ச் சோதனை மூன்றையும் முடிப்பது சென்னைக்கு ஏற்ற கால அட்டவணை. ஆகஸ்டில் வெட்டத் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால், ஐந்து மாதம் பொறுத்திருப்பதே மேல்.

குளம் ஏற்கெனவே ஒரு பக்கம் மேலே எழும்பிவிட்டால்?

அதை அழுத்தி இறக்க முயலக் கூடாது. எழும்பிய இடைவெளிக்குள் மணல் புகுந்திருக்கும். குழாய் இணைப்புகள் அநேகமாக உடைந்திருக்கும். மின் இணைப்பைத் துண்டியுங்கள், விளிம்பின் மட்டங்களை அளந்து குறியுங்கள், கட்டமைப்புப் பொறியாளரை வரவழையுங்கள். ஒரு சில செ.மீ. எழுச்சியாக இருந்து தொட்டி வெடிக்காமல் இருந்தால், அடியில் சிமென்ட் கலவையைச் செலுத்தி அந்த நிலையிலேயே உறுதிப்படுத்த வாய்ப்புண்டு. அதற்கு மேலென்றால் பெரும்பாலும் உடைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

கான்கிரீட் போடும் நாளில் வீட்டுக்காரர் எதைக் கவனிக்க வேண்டும்?

நீரைத் தாங்கி நிற்கும் கட்டுமானங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3370. வீட்டின் கூரைக்கு எம் 20, எம் 25 என்ற தரத்தில் கான்கிரீட் போட்டுப் பழகியவர்கள் குளத்துக்கும் அதையே சொல்வார்கள், ஏற்காதீர்கள். குறைந்தது எம் 30 வேண்டும்; சிமென்ட் எடையில் நீர் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது. ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் டெலிவரி சலானில் தரத்தையும் ஏற்றிய நேரத்தையும் பார்த்து, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கலவை கெட்டியாக இருக்கிறதென்று லாரியில் நீர் சேர்க்கச் சொல்வது நம் வேலைத்தளங்களில் நாள்தோறும் நடக்கிறது. அப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு வாளியும் பிற்காலத்துக் கசிவு. இளக்கம் தேவையென்றால் கலவை நிலையமே அதற்கான ரசாயனத்தைச் சேர்க்க வேண்டும்.

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையே 45 மி.மீ. மறைப்பு இருக்க வேண்டும். அதற்குக் கம்பியைத் தள்ளிப் பிடிக்கும் சிறு சிமென்ட் கட்டைகளான கவர் பிளாக் வைக்காமல், கருங்கல் சில்லுகளை வைத்து ஒப்பேற்றியிருந்தால், கான்கிரீட்டை நிறுத்திவிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். கம்பி கட்டி முடிந்ததும் பொறியாளர் பார்த்துக் கையொப்பமிடாமல் ஊற்ற அனுமதிக்காதீர்கள். அன்றே அதே கான்கிரீட்டில் 150 மி.மீ. கனசதுரங்கள் வார்த்து 28ஆம் நாள் ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்க வேண்டும்.

கடலோர வீடுகளில் இன்னொன்று: உப்புக் கரிக்கும் போர் நீரைக் கலவைக்கும் நீராற்றவும் பயன்படுத்தக் கூடாது. கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து, வீங்கி, சில ஆண்டுகளில் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். நல்ல நீரில் இரண்டு வாரமாவது விடாமல் நீராற்றுங்கள். சுவர்களுக்கு ஈரச் சாக்கு கட்டுவது அவசியம்.

சென்ட்ரிங் பிரித்ததும் சுவரில் ஜல்லி தெரியும் ஓட்டைகள் இருக்கின்றன. பூசி மறைத்தால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர்.

போதாது. தேன்கூடு என்று சொல்லப்படும் இந்தக் குறை, கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் சரியாகப் போகாததால் வருவது. மேற்பரப்பில் கையளவு தெரிந்தால் உள்ளே எவ்வளவு ஆழம் என்று தட்டி உடைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. தளர்ந்ததை எல்லாம் செதுக்கி எடுத்து, கெட்டிக் கான்கிரீட் தெரியும்வரை போய், கழுவி, சுருங்காத சிமென்ட் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி வெளியே தெரியும் அளவுக்கு ஆழமென்றால், சிமென்ட் கலவையை அழுத்தத்தில் உள்ளே செலுத்தும் முறையும் தேவைப்படும்.

கசிவுக்கான இன்னும் இரண்டு ஊற்றுக்கண்களை இந்த நிலையிலேயே பார்த்துவிட வேண்டும். ஒன்று, தளமும் சுவரும் சேரும் கட்டுமான இணைப்பு. இரண்டையும் ஒரே நாளில் ஊற்ற முடியாதென்பதால் இணைப்பு இருக்கத்தான் செய்யும், அதில் பி.வி.சி. நீர்த்தடுப்புப் பட்டை பதிக்கப்பட்டதா என்று கான்கிரீட்டுக்கு முன் எடுத்த படம்தான் சாட்சி. மற்றொன்று, சென்ட்ரிங் பலகைகளை இறுக்கச் சுவருக்குக் குறுக்கே விட்ட கம்பிகளின் துளைகள். பி.வி.சி. குழாய்த் துண்டை நுழைத்துக் கம்பியை உருவிவிட்டு, துளையின் வாயில் மட்டும் சிமென்ட் பூசுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் குழாயைத் துளைத்து எடுத்துவிட்டு முழு நீளத்துக்கும் நிரப்பச் சொல்லுங்கள்.

விரிசல் தெரிகிறது. எல்லா விரிசலும் ஆபத்தா?

இல்லை. மேற்பூச்சில் வலைபோல் பரவும் மெல்லிய கீறல்கள் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வருபவை. தொட்டியின் கான்கிரீட்டிலேயே ஒரே கோடாக ஓடுவது, சுவரிலிருந்து தளத்துக்கு இறங்குவது, இருபக்கமும் மட்டம் வேறுபடுவது ஆகியவைதாம் கவலைக்குரியவை. நீர்த் தொட்டிகளில் விரிசலின் அகலத்தை 0.2 மி.மீ.க்குள் கட்டுப்படுத்தும் வகையில்தான் கம்பி வடிவமைக்கப்படுகிறது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டை ஒட்டிவையுங்கள். சில வாரங்களில் முனை நகர்ந்தாலோ கண்ணாடி உடைந்தாலோ, அசைவு நிற்கவில்லை. நிற்காத விரிசலை அடைப்பது வீண். முதலில் அடித்தளத்தில் நடப்பதைக் கண்டறிய வேண்டும். நின்றுவிட்ட உலர் விரிசலுக்கு எபாக்ஸியும் நீர் ஊறும் விரிசலுக்குப் பாலியூரித்தேனும் செலுத்துவது வழக்கம்.

நீர்ச் சோதனையை எப்போது செய்வது? மட்டம் குறைவது கசிவா, ஆவியா?

வாட்டர்ப்ரூஃபிங் பூசுவதற்கு முன் ஒருமுறை, பூசிய பின் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இன்னொருமுறை. இடமிருந்தால் வெளிப்பக்கம் மண் நிரப்புவதற்கு முன்பே முதல் சோதனையைச் செய்யுங்கள். கசியும் இடம் வெளிச் சுவரில் ஈரமாகக் கண்ணுக்கே தெரியும். நாள் மிச்சமாகும் என்று இரண்டையும் தவிர்த்துவிட்டு, டைல்ஸ் ஒட்டிய பிறகு நிரப்பிப் பார்ப்பவர்கள், கசிவு எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றையும் பெயர்க்க நேர்கிறது. புதிய கான்கிரீட் முதல் சில நாள் நீரை உறிஞ்சும் என்பதால், நிரப்பி ஒரு வாரம் கழித்து அளக்கத் தொடங்குங்கள்.

ஆவியைப் பிரித்தறிய வாளிச் சோதனை போதும். ஒரு வாளியில் குளத்து நீரை ஊற்றி, பாரம் வைத்து, குளத்தின் படிக்கட்டில் பாதி மூழ்கும்படி நிறுத்துங்கள். வாளிக்குள்ளும் வெளியிலும் நீர் மட்டத்தைக் குறியுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அது ஆவி. சென்னையின் கோடையில் நாளொன்றுக்கு 5 முதல் 8 மி.மீ. வரை போவது இயல்பு. குளத்தின் மட்டம் கூடுதலாகக் குறைந்திருந்தால் அந்த வேறுபாடுதான் கசிவு. எடுத்துக்கொண்ட குளத்தில் ஒரு மி.மீ. என்பது 32 லிட்டர், 10 மி.மீ. என்றால் நாளுக்கு 320 லிட்டர்.

இதே சோதனையை மோட்டார் ஓடும்போதும் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் அதிகம் குறைந்தால் குற்றவாளி தொட்டியல்ல, குழாய்.

குழாய்களை எப்படிச் சோதிப்பது?

மூடுவதற்கு முன். எல்லா முனைகளையும் அடைத்து, சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தம் கொடுத்து, ஓர் இரவு முழுவதும் முள் இறங்காமல் நிற்க வேண்டும். கான்கிரீட் ஊற்றும்போதும் அந்த அழுத்தத்தில் வைத்திருந்தால், யாராவது மிதித்து உடைத்தால் அப்போதே தெரிந்துவிடும். சுவரைத் துளைத்துச் செல்லும் குழாய்களுக்குத் தகட்டு வளையம் பொருத்திக் கான்கிரீட்டோடு சேர்த்தே வார்க்க வேண்டும். பின்னால் துளை போட்டுக் குழாயைச் செருகினால் அந்த இடம் என்றாவது கசியும்.

நீரை உறிஞ்சும் அடி வடிகால் ஒன்றே ஒன்று இருக்கக் கூடாது. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு அமைத்து, ஒரே குழாயில் இணைத்து, முடியையும் உடலையும் இழுக்காத குவிந்த மூடி போட வேண்டும். ஒற்றை வடிகாலின் உறிஞ்சு விசையில் குழந்தை சிக்கினால், பெரியவர்களாலும் பிடித்து இழுத்து விடுவிக்க முடியாது.

பம்பு அறையை நிலத்துக்கடியில் வைப்பவர்கள், அங்கே மழைநீர் புகுந்தால் தானாக இறைக்கும் சிறு மோட்டாரையும் காற்றோட்டத்தையும் முதலிலேயே திட்டமிட வேண்டும். குளோரின் டப்பாக்களை அதே அறையில் வைத்தால் மின் பலகை விரைவில் அரித்துப்போகும்.

டைல்ஸ் தட்டினால் வெற்றொலி கேட்கிறது.

அடியில் பசை முழுமையாகப் பரவவில்லை. சாதாரண சிமென்ட் பாலில் ஒட்டியிருந்தால் இது எதிர்பார்க்கக்கூடியதே. நீருக்கடியில் பயன்படுத்தத் தகுந்த டைல் பசையும் இடைவெளிகளுக்கு எபாக்ஸி கிரௌட்டும் வேண்டும். நீர் நிரப்பும் முன் நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டி, வெற்றொலி தருபவற்றைக் குறியிட்டு மாற்றச் சொல்லுங்கள். டைல்ஸ் நீரைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். நீரைத் தடுப்பது அதன் பின்னால் உள்ள கான்கிரீட்டும் வாட்டர்ப்ரூஃபிங்கும்தான்.

மின்சாரத்திலும் குழந்தைகள் பாதுகாப்பிலும் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது?

நீருக்கடியில் உள்ள விளக்குகள் 12 வோல்ட்டில் மட்டுமே எரிய வேண்டும். அதற்கான டிரான்ஸ்ஃபார்மர் நீரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பம்பு, விளக்கு இணைப்புகள் அனைத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் கட்டாயம். ஏணி, கைப்பிடி, தளக் கம்பி உள்ளிட்ட உலோகப் பகுதிகள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து நில இணைப்புக் கொடுக்க வேண்டும்.

வேலி கடைசியில் போடுவதற்கானதன்று. அரைகுறையாக நிற்கும் தொட்டியில் தேங்கிய மழைநீரும் குழந்தையைக் கொல்லும். குழி வெட்டிய அன்றே சுற்றித் தடுப்பு போடுங்கள். முடிந்த குளத்துக்கு 1.2 மீட்டர் உயர வேலியும் தானே மூடிப் பூட்டிக்கொள்ளும் கதவும் வேண்டும். வேலைத்தளத்திலேயே தங்கியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளும் இதில் அடக்கம். அவர்களை நினைத்து யாரும் திட்டமிடுவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

முதன்முதலில் நிரப்பிக் குளோரின் போட்டதும் நீர் பழுப்பாகிவிட்டது. கட்டுமானக் குறையா?

இல்லை. போர் நீரில் கரைந்திருந்த இரும்பு, குளோரின் பட்டதும் துருவாகப் பிரிகிறது. இரும்பைப் பிணைக்கும் மருந்தும் தொடர்ச்சியான வடிகட்டலும் அதைச் சரிசெய்யும். புதிய சிமென்ட் பூச்சினால் முதல் சில வாரங்களில் காரத்தன்மையும் ஏறிக்கொண்டே இருக்கும்; பி.எச். அளவு 7.2 முதல் 7.8க்குள் இருக்கும்படி அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி தேவையா?

கட்டட வரைபடத்தில் குளத்தையும் காட்டி ஒப்புதல் பெறுங்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உங்கள் உள்ளாட்சி அமைப்பு என்ன கேட்கிறது என்பதை எழுத்தில் பெறுவது நல்லது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள நிலம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் வரம்புக்குள் வரும் என்பதால், அங்கே தனியாக விசாரிக்காமல் குழி வெட்டத் தொடங்க வேண்டாம்.

ஒப்பந்தக்காரர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. பணத்தை நிறுத்தலாமா?

ஒப்பந்தத்தில் அதற்கு இடம் வைத்திருந்தால் நிறுத்தலாம். ஆகவே இதற்கான விடை, வேலை தொடங்கும் முன் எழுதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. தவணைகளைத் தேதிகளோடு கட்டாமல் சோதனைகளோடு கட்டுங்கள்: கம்பியைப் பொறியாளர் ஒப்புக்கொண்ட பின் ஒரு தவணை, கனசதுரச் சோதனை முடிவு வந்த பின் ஒன்று, குழாய் அழுத்தச் சோதனைக்குப் பின் ஒன்று, நீர்ச் சோதனைக்குப் பின் ஒன்று. மொத்தத் தொகையில் 5 முதல் 10 விழுக்காட்டை ஒரு மழைக்காலம் கடக்கும்வரை நிறுத்திவைக்கும் விதியும் இருக்கட்டும். நேர்மையான ஒப்பந்தக்காரர் இதற்கு மறுப்பு சொல்வதில்லை. ஒவ்வொரு தவணையும் தாமதமின்றி வரும் என்ற உறுதியை மட்டுமே கேட்பார். அதை நீங்களும் காப்பாற்ற வேண்டும்.

குறை தெரிந்தவுடன் அதை வாய்ச்சொல்லாக விடாமல், படத்துடன் எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய நியாயமான காலம் கொடுங்கள். கோபத்தில் வேறு ஆளை வைத்து உடனே உடைத்துவிட்டால் சாட்சியமும் சேர்ந்து போய்விடும். தொட்டியின் வலிமையில் ஐயம் இருந்தால், இருதரப்புக்கும் தொடர்பில்லாத பொறியாளரைக் கொண்டு சுத்தியல் சோதனை, ஒலியலைச் சோதனை, தேவைப்பட்டால் கான்கிரீட்டில் உருளை வெட்டி எடுக்கும் சோதனை ஆகியவற்றைச் செய்து அறிக்கை பெறுங்கள்.

ஒப்பந்தக்காரர் பாதியில் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

முதலில் குளத்தைக் காப்பாற்றுங்கள், வழக்கைப் பிறகு பார்க்கலாம். தொட்டி முடிந்திருந்தால் நீர் நிரப்புங்கள்; முடியாமல் குழியாக நின்றால் பக்கங்களுக்கு முட்டும் சுற்றித் தடுப்பும் போடுங்கள்; வெளியே நீட்டி நிற்கும் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசி மூடிவையுங்கள்; திறந்த குழாய் முனைகளை அடையுங்கள். அடுத்து, இதுவரை நடந்த வேலையைச் சுதந்திரமான பொறியாளரைக் கொண்டு அளந்து மதிப்பிட்டு ஆவணமாக்குங்கள். புதிதாக வருபவர் முன்னவரின் வேலைக்குப் பொறுப்பேற்கத் தயங்குவார். அந்த ஆவணம் இருந்தால், எதுவரை யாருடைய பொறுப்பு என்பது தெளிவாகிவிடும்.

விரைவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியும் பலனில்லையென்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிடலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் இடம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் வழிமுறைகளைக் கேட்டுக்கொள்ளலாம். மனுவோடு ஒப்பந்தம், பணம் செலுத்திய சான்று, டெலிவரி சலான்கள், தேதியிட்ட படங்கள், பொறியாளர் அறிக்கை ஆகியவற்றை இணைக்க வேண்டும்.